எட்டு வினாக்கள் போதுமா?

காய்ச்சலை அளக்க வெப்பமானி உண்டு. குருதி அழுத்தத்தை அளக்க அழுத்தமானி உண்டு. சர்க்கரையின் அளவை அறிய விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் போதும். ஆனால், ஒரு நோயினால் ஒருவருடைய அன்றாட வாழ்வு எந்த அளவுக்குக் கெட்டிருக்கிறது என்பதை எந்தக் கருவியைக் கொண்டு அளப்பது? அவரையே கேட்டறிவதுதான் வழி. அவ்வாறு கேட்பதற்கென்று ஆக்கப்பட்ட வினாநிரல்களை 'வாழ்க்கைத் தர அளவுகோல்கள்' என்று வழங்குகின்றனர். மருத்துவமும் புள்ளியியலும் மொழியும் கைகோத்து நிற்கும் துறை இது.

நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோயாளரிடம் கேட்பதற்காக இங்கிலாந்தில் எட்டே வினாக்கள் கொண்ட ஒரு வினாநிரல் ஆக்கப்பட்டது. கொரிய நாட்டினர் அதைத் தம் மொழிக்குக் கொண்டுசென்று, தம் நோயாளரிடம் அது செல்லுபடியாகுமா என்று சோதித்தனர். அதே எட்டு வினாக்களை நம் விருதுநகர் மாவட்டத்து நோயாளி ஒருவரிடம் கேட்பதானால் என்னென்ன செய்யவேண்டும்? நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருந்தால் ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும் வேலைதானே என்று மாணவ நண்பர்கள் எண்ணக்கூடும். அப்படி முடிவதன்று என்பதை விளக்கவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

நோய்

1817-ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன், ஆறு பேரிடம் தாம் கண்ட நோய்க்குறிகளை ஒரு சிறு நூலாக எழுதி வெளியிட்டார். நடுமூளையில் கரிய நிறமாகத் தோன்றும் ஒரு சிறு பகுதியில் உள்ள நரம்பணுக்கள் சிறிது சிறிதாக அழிவதும், அவை சுரக்கும் டோப்பமின் என்னும் பொருள் குறைவதும் இந்நோயின் அடிப்படை என்பது பின்னர் அறியப்பட்டது. சும்மா வைத்திருக்கும்போதே கை நடுங்கும், உடல் விறைக்கும், அசைவு மெதுவாகும், நாளடைவில் நிற்கும்போது நிலை தடுமாறும். குரல் தாழ்ந்துபோகும். கையெழுத்து வரவரச் சிறுத்துக்கொண்டே போகும். முகத்தில் உணர்ச்சி தெரியாமையால், 'இவர் ஏன் இப்படி முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்?' என்று விருந்தினர் தவறாக எண்ணுவதும் உண்டு.

இதற்குரிய முதன்மையான மருந்து லெவோடோப்பா. நம் பக்கத்து வேலிகளில் படரும் பூனைக்காலியை அறிவீர்கள். காயின் சுனை பட்டால் அரிப்புத் தாங்காது. அதன் விதையிலிருந்து இதே பொருளைப் பிரித்தெடுத்து 1937-இல் ஆய்வுரை வெளியிட்டவர்கள் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த தாமோதரன், இராமசாமி ஆகிய இருவர். பெரிய அளவில் வாய்வழியே கொடுத்தால் நோயாளர் நன்கு தேறுகின்றனர் என்று கோட்சியாஸ் அமெரிக்காவில் காட்டியது 1967-இல். மருந்து அசைவைத் திருப்பித் தரும், நோயை அகற்றாது. ஆகவே இது ஆண்டுக்கணக்கில் உடன்வாழும் நோய். மருத்துவர் கையின் நடுக்கத்தைப் பார்க்கிறார். நோயாளியை வாட்டுவது சில சமயம் வேறொன்றாக இருக்கும்: இரவில் இழுக்கும் குரக்குவலி, பேச்சை யாரும் காதில் வாங்காமை, பேரன் திருமணத்துக்குப் போகத் தயங்கும் கூச்சம். இவற்றைக் கேட்டால்தான் தெரியும்.

முப்பத்தொன்பது எட்டானது

ஆக்ஸ்ஃபோர்டில் பீட்டோ, ஜென்கின்சன், ஃபிட்ஸ்பாட்ரிக் முதலியோர் முதலில் இருபது நோயாளரிடம் விரிவாக உரையாடினர். அவர்கள் சொன்னவற்றிலிருந்து 65 வினாக்கள் எழுந்தன. அவை சலிக்கப்பட்டு 39 ஆயின. 1995-இல் வெளிவந்த இந்நிரலுக்குப் பி.டி.கியூ-39 என்று பெயர். நடமாட்டம் 10, அன்றாடச் செயல்கள் 6, மனநலம் 6, நோயினால் வரும் கூச்சம் 4, பிறர் துணை 3, அறிதிறன் 4, பேச்சுத் தொடர்பு 3, உடல் வேதனை 3 என எட்டுப் பகுதிகளாக வினாக்கள் அமைந்தன.

வெளிநோயாளர் வரிசையில் நிற்பவரிடம் முப்பத்தொன்பது வினாக்களைக் கேட்டு முடிப்பது எளிதா? முடிப்பதற்குள் மருந்தின் வேகமே தணிந்துவிடும். எனவே 1997-இல் ஒவ்வொரு பகுதியிலும் அப்பகுதியின் மொத்த மதிப்போடு மிக நெருங்கி ஒட்டும் ஒரு வினாவை மட்டும் எடுத்து எட்டாகச் சுருக்கினர். 'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது நம் வழக்கு. இங்கே பானைகள் எட்டு. பானைக்கு ஒரு சோறு. விருதுநகர்ச் சந்தைக்கு வரும் மிளகாய் வற்றலையும் பருப்பையும் வணிகர்கள் மூட்டைக்கு ஒரு கைப்பிடி மாதிரி எடுத்துப் பார்த்தே விலை பேசுகிறார்கள். அந்தக் கைப்பிடி மூட்டை முழுவதற்கும் சான்றாக நிற்கிறதா என்பதில்தான் வணிகம் நிற்கிறது. சுருங்கிய வினாநிரலுக்கும் அதுவே கேள்வி.

அந்த எட்டும் எவை? கடந்த ஒரு மாதத்தில் வெளியிடங்களுக்குச் சென்றுவருவதில் சிரமம், உடை உடுத்துவதில் சிரமம், மனச்சோர்வு, நோயினால் பிறர் முன்னிலையில் கூச்சம், நெருங்கியவர்களோடு உறவில் சிக்கல், மனத்தை ஒன்றில் நிறுத்த இயலாமை, பிறரோடு சரிவரப் பேசித் தொடர்புகொள்ள இயலாமை, வலியுடன் கூடிய தசைப்பிடிப்பு. ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடைகள்: ஒருபோதும் இல்லை என்றால் 0, எப்போதாவது 1, சில வேளைகளில் 2, அடிக்கடி 3, எப்போதும் அல்லது செய்யவே இயலவில்லை என்றால் 4. எட்டையும் கூட்டி, பெரும மதிப்பான 32-ஆல் வகுத்து, 100-ஆல் பெருக்கவேண்டும். ஒருவர் விடைகள் 2, 3, 1, 2, 0, 1, 2, 3 என்று வைத்துக்கொண்டால் கூட்டுத்தொகை 14, மதிப்பெண் 43.75. இது தேர்வு மதிப்பெண் போன்றதன்று. கூடக்கூடத் தொல்லை மிகுதி என்று பொருள்.

மொழி மாறாவிடினும் சோதனை உண்டு

சிங்கப்பூரில் ஆங்கிலம் பேசும் நோயாளரிடம் இந்த 39 வினாக்களும் 8 வினாக்களும் சோதிக்கப்பட்டு முடிவுகள் 2004-இல் வெளியாயின. ஒரு சொல்லும் பெயர்க்கப்படவில்லை. ஆங்கில வினா ஆங்கிலமாகவே நின்றது. அப்படியும் ஏன் சோதிக்கவேண்டும்? வினாவைக் கேட்பவரின் வீடும் தெருவும் உணவும் உடையும் மாறிவிட்டன என்பதே காரணம். முப்பத்தொன்பதில் உணவை வெட்டித் துண்டாக்குவதில் சிரமமா என்று ஒரு வினா. பொத்தான் போடுவதிலும் காலணிக் கயிறு கட்டுவதிலும் சிரமமா என்று இன்னொன்று. உலோகக் குச்சிகளால் உண்ணும் கொரியரிடமும், குழம்புச் சோற்றைக் கையால் பிசைந்து உண்ணும் நம்மவரிடமும் முதல் வினா என்ன பொருள் தரும்? செருப்பில் காலை நுழைத்து நடப்பவரிடம் கயிற்றுக்கு என்ன வேலை?

சென்னையில் நடந்த முன்மாதிரி

இத்தகைய பணியைத் தமிழில் செம்மையாகச் செய்துகாட்டிய ஒரு முன்மாதிரி நம்மிடம் உண்டு. உலக நல வாழ்வு நிறுவனம் 1991-இல் நோய் எதுவாயினும் கேட்கத்தக்க ஒரு பொது வாழ்க்கைத் தர அளவுகோலை ஆக்கத் தொடங்கியது. ஆங்கிலத்தில் எழுதிப் பிற மொழிகளில் பெயர்ப்பதற்கு மாறாக, பல பண்பாடுகளில் ஒரே காலத்தில் ஆக்குவது என்று முடிவுசெய்தனர். உலகெங்கும் தொடக்கத்தில் தேர்ந்த பதினைந்து களமையங்களுள் இந்தியாவில் இரண்டு: புதுதில்லியும் சென்னையும். சென்னை மையம், 1984-இல் மருத்துவர் சாரதா மேனன் தொடங்கிய மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தில் அமைந்தது. மருத்துவர் தாரா முதலியோர் பணியை நடத்தினர். இம்முயற்சியில் விளைந்த நீண்ட நிரலில் 100 வினாக்கள். 1998-இல் வந்த குறுநிரலில் 26.

விடைச் சொற்களைத் தேர்ந்த முறைதான் எனக்கு மிகவும் பிடித்தது. 'ஒருபோதும் இல்லை', 'எப்போதும்' என்ற இரு கோடிகளையும் பெயர்ப்பது எளிது. இடையில் வரும் மூன்று சொற்களுக்கு அகராதி உதவாது. ஆகவே பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு கோட்டை வரைந்து, இரு முனைகளில் கோடிச் சொற்களை எழுதி, உள்ளூரில் வழங்கும் பல சொற்களைப் பொதுமக்களிடம் தந்து ஒவ்வொன்றும் கோட்டில் எங்கே விழும் என்று குறிக்கச் செய்தனர். கால்பங்கு, அரைப்பங்கு, முக்கால்பங்கு ஆகிய இடங்களுக்கு அருகில் விழும் சொற்களே தேர்ந்துகொள்ளப்பட்டன. சொல்லின் எடையைப் பேசுபவரே நிறுத்துத் தருகிறார், புலவர் நிறுப்பதில்லை.

நம் மாணவர்கள் இதைச் செய்து பார்க்கலாம். செலவு ஒரு தாளும் ஒரு அளவுகோலுமே. 'என்னைக்காவது', 'அப்பப்ப', 'சில நேரம்', 'அடிக்கடி', 'சும்மா சும்மா', 'எந்நேரமும்' என்ற சொற்களைச் சாத்தூரிலும் சிவகாசியிலும் திருச்சுழியிலும் இருபது இருபது பேரிடம் கொடுத்துப் பாருங்கள். 'அப்பப்ப' என்பதைச் 'சில நேரம்' என்பதற்கு மேலே வைப்பவரும் உண்டு, கீழே வைப்பவரும் உண்டு. அப்படி மாறி மாறி விழும் சொல் அளவுகோலில் ஏறத்தகாது.

எட்டு வினாக்களும் நம் தெருவும்

முறை இதுதான்: இருவர் தனித்தனியே பெயர்க்கவேண்டும், இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்கவேண்டும், மூலத்தைக் காணாத மூன்றாமவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்கவேண்டும், வேறுபாடுகளைக் குழு ஆராயவேண்டும், பின் சில நோயாளரிடம் கேட்டு, 'இந்தக் கேள்வியை நீங்கள் என்னவென்று புரிந்துகொண்டீர்கள்?' என்று வினவவேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் இசைவும் பெறவேண்டும். கடைசிப் படியில்தான் உண்மை வெளிப்படும்.

முதல் வினாவை எடுத்துக்கொள்வோம். 'அண்ணாச்சி, போன ஒரு மாசத்துல வெளியே போயிட்டு வர்றதுல உங்களுக்குச் சிரமம் இருந்துச்சா?' என்று கேட்கிறோம். 'நான் எங்க தம்பி வெளியே போறேன்? ஒரு சிரமமும் இல்ல' என்று விடை வருகிறது. எழுதுபவர் 0 என்று குறித்தால் அளவுகோல் தலைகீழாகிவிடும். போவதையே விட்டுவிட்டவருக்கு உரிய எண் 4. 'செய்யவே இயலவில்லை' என்ற சொற்றொடர் கடைசி விடையோடு சேர்ந்திருப்பது இதற்காகத்தான். மேலும், 'பொது இடம்' என்று ஏட்டுத் தமிழில் கேட்டால் சிலருக்கு அரசாங்க அலுவலகம் நினைவுக்கு வரும். கடைத்தெரு, கோயில், பேருந்து நிலையம் என்று எடுத்துக்காட்டிச் சொல்லவேண்டும். விருதுநகரில் பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் நடக்கும் மாதத்தில் கேட்டால் இவ்வினாவுக்கு வரும் விடை வேறு. ஆடி மாதத்தில் கேட்டால் வேறாக இருக்கலாம்.

உடை பற்றிய வினாவில் இன்னொரு நுட்பம். கைவிரல் விறைப்பு ஒரே அளவாயினும், சட்டைப் பொத்தான் போடுபவர் 'அடிக்கடி' என்பார்; தோளில் துண்டும் இடுப்பில் வேட்டியுமாக இருப்பவர் 'எப்போதாவது' என்பார்; சேலைக்குக் கொசுவம் வைத்து ரவிக்கைக்குக் கொக்கி மாட்டும் பெண்ணுக்கோ ஒவ்வொரு காலையும் போராட்டம். நோய் ஒன்று, விடை மூன்று. ஒரு வினா இவ்வாறு ஒரு சாராரிடம் மட்டும் கனமாகவோ இலேசாகவோ விழுவதை வினாவின் சாய்வு என்பர். ஆண், பெண் இரு திறத்தாரின் விடைகளையும் தனித்தனியே பார்த்தாலன்றி அது புலப்படாது.

கூச்சம் பற்றிய வினாதான் மிகக் கடினம். கூச்சம், வெட்கம், சங்கடம், அவமானம் என்று நமக்குச் சொற்கள் பல. வெட்கம் என்றால் முதியவர் சிரித்துவிடுவார். அவமானம் என்றால் பிறர் செய்த தீங்கு என்றாகிவிடும். 'நாலு பேர் முன்னால் கூச்சமாக இருந்ததா?' என்பதே பொருந்தும் என்பது என் கருத்து. அதையும் சோதித்த பின்னரே ஏற்கவேண்டும். மனச்சோர்வு என்ற சொல்லைச் செய்தித்தாள் படிப்பவர் அறிவர். மற்றவர் 'மனசு சரியில்ல', 'எல்லாம் வெறுத்துப்போச்சு' என்பர். இவ்விரண்டும் ஒரே ஆழமுடையன அல்ல. 'நெருங்கியவர்களோடு உறவில் சிக்கல்' என்ற வினாவை மருமகள் பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் என்ன விடை வரும் என்று சொல்லவும் வேண்டுமோ?

துணைக்கு வருபவர் முந்திக்கொண்டு விடை சொல்வது நம் வழக்கம். நோயாளியின் குரலோ தாழ்ந்தது. சொல்ல வாயெடுப்பதற்குள் மகன் சொல்லி முடித்துவிடுவான். எழுதப் படிக்கத் தெரிந்தவரும் நடுங்கும் கையால் குறியிடத் தயங்குவார். ஆகவே இங்கே வினாக்களை ஒருவர் படித்துக்காட்டவேண்டிவரும். படிப்பவர் எல்லோரிடமும் ஒரே சொற்களில், ஒரே நிதானத்தில் படிக்கப் பழகவேண்டும். மருந்து உண்ட நேரத்தையும் குறித்துக்கொள்ளவேண்டும். வினா ஒரு மாதத்தைப் பற்றியதாயினும், மருந்து வேலைசெய்யும் வேளையில் மனிதர் ஒருவர், அது தணிந்த வேளையில் வேறொருவர்.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

இனி நம்பகம். ஒரே தராசு ஒரே பொருளுக்கு இருமுறையும் ஒரே எடை காட்டவேண்டும். ஆகவே நிலை மாறாத நோயாளரிடம் ஓரிரு வாரம் கழித்து மீண்டும் கேட்டு, இரு மதிப்பெண்களும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காண்பர். இடைவெளி குறுகினால் பழைய விடை நினைவிலிருக்கும். நீண்டால் நோயே மாறிவிடும். சிவகாசிப் பக்கத்தில் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். தீபாவளிக்கு முன் பட்டாசு ஆலைகளில் வேலை குவியும். பின் சில வாரங்கள் ஆலைகள் ஓய்ந்திருக்கும். முதற்கேள்வி முன்னும் மறுகேள்வி பின்னும் அமைந்தால், மாறியது நோயா வாழ்வா என்று பிரித்தறிய முடியாது.

வினாக்கள் தமக்குள் ஒத்திசைகின்றனவா என்பதை அளப்பது 1951-இல் குரோன்பாக் விளக்கிய ஆல்ஃபாக் கெழு. வினாக்கள் 8, ஒவ்வொரு வினாவின் பரவற்படியையும் கூட்டினால் 12, மொத்த மதிப்பெண்ணின் பரவற்படி 40 என்று கணக்குக்காகக் கொள்வோம். 12-ஐ 40-ஆல் வகுத்தால் 0.3, ஒன்றிலிருந்து கழித்தால் 0.7, அதை 8/7-ஆல் பெருக்கினால் 0.8. பொதுவாக 0.7-க்கு மேல் இருந்தால் ஏற்கலாம் என்பர்.

ஆனால் இந்த எண்ணைக் கண்டு மயங்கிவிடக்கூடாது. கேட்பவரின் மனம் கோணக்கூடாது என்று நோயாளர் சிலர் எல்லா வினாவுக்கும் 'ஆமா சார், கஷ்டந்தான்' என்றும், வேறு சிலர் எல்லாவற்றுக்கும் 'அதெல்லாம் இல்ல சார்' என்றும் சொல்லிவிட்டால் ஆல்ஃபா மிக உயரும், அளவுகோலோ வெறுங்கோலாகும். இன்னொரு கண்ணி: எட்டு வினாக்களின் மதிப்பெண் முப்பத்தொன்பதின் மதிப்பெண்ணோடு மிக உயர்ந்த ஒட்டுறவு காட்டுகிறது என்று சில ஆய்வுகளில் மகிழ்ந்து எழுதுவர். அந்த எட்டும் முப்பத்தொன்பதுக்குள் இருப்பவைதாமே! தன்னைத் தன்னோடு ஒப்பிட்டால் ஓரளவு ஒட்டத்தானே செய்யும்?

ஏற்புடைமைக்கு வெளியிலிருந்து சான்று வேண்டும். 1967-இல் ஹோன், யார் என்னும் இருவர் நோயை ஐந்து நிலைகளாகப் பகுத்தனர். உடலின் ஒரு பக்கம் மட்டும் தாக்குண்டது முதல் நிலை. இரு பக்கமும் தாக்குண்டும் நிலை தடுமாறாதது இரண்டாவது. தடுமாற்றம் தொடங்குவது மூன்றாவது. கடுமையாக முடங்கியும் தானே நிற்க முடிவது நான்காவது. துணையின்றி எழமுடியாதது ஐந்தாவது. நிலை ஏற ஏற வினாநிரலின் மதிப்பெண்ணும் ஏறவேண்டும். மனச்சோர்வை அளக்கும் வேறொரு நிரலோடும் ஒப்பிடவேண்டும். ஏனெனில் நடுக்கத்தைவிட மனச்சோர்வே வாழ்க்கைத் தரத்தை மிகுதியாகக் குலைக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. நோயாளருள் பலர் 0 என்ற அடித்தளத்திலோ 100 என்ற முகட்டிலோ குவிந்தாலும் அளவுகோல் பயன்படாது. நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு மேல் ஒரு முனையில் நின்றால் ஐயுறவேண்டும் என்பது வழக்கமான வரம்பு.

ஒன்பதாவது வினா

இவ்வளவும் செய்து முடித்தபின்னும் நம் வட்டாரத்துக்கென்று ஒரு குறை நிற்கிறது. சட்டத்தில் தீக்குச்சி அடுக்குவது, காகிதக் குழாய் சுற்றுவது, தாள் ஒட்டுவது என்று இங்கே பல குடும்பங்கள் விரல் வேகத்தையே கூலியாக மாற்றி வாழ்கின்றன. எத்தனை முடித்தோமோ அத்தனைக்குத்தான் காசு. நடுக்கம் ஊரார் கண்ணில் படுமுன்னே, அசைவின் மந்தம் வாரக் கூலியில் தெரிந்துவிடும். மருந்துப்பொருள் புழங்கும் அறையில் நடுங்கும் கை வேறுவகைக் கேடும் ஆகும். எட்டு வினாக்களில் பிழைப்பைப் பற்றி ஒன்றும் இல்லை. முப்பத்தொன்பதிலும் ஓய்வுநேரப் பொழுதுபோக்கும் வீட்டு வேலையும் உண்டே தவிர, கூலி இல்லை. இங்கிலாந்தின் நோயாளர் தம் வாழ்வைச் சொன்னார்கள். அதிலிருந்து வினாக்கள் பிறந்தன. சாட்சியாபுரத்து நோயாளரிடம் முதலிலேயே கேட்டிருந்தால் கூலி முதல் வினாவாகவே வந்திருக்கக்கூடும்.

அப்படியானால் ஒன்பதாவதாக ஒரு வினாவைச் சேர்த்துவிடலாமா? சேர்க்கக்கூடாது என்பதே என் கருத்து. சேர்த்த அன்றே 32 என்ற வகு எண் 36 ஆகிவிடும். கொரியாவோடும் சிங்கப்பூரோடும் ஒப்பிடும் வாய்ப்புப் போய்விடும். எட்டையும் எட்டாகவே கேட்டு முடித்துக் கூட்டிவிட்டு, அதன்பின் தனித்தாளில், 'இந்த நோய் வந்ததற்கப்புறம் உங்க கை வேலை, கூலி எப்படி இருக்கு?' என்று கேட்கவேண்டும். விடையை எண்ணாகச் சுருக்காமல் அவர் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொள்ளவேண்டும். விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில் திறக்கப்பட்டுவிட்டது. அங்குள்ள மருத்துவரும் நம் கல்லூரிகளின் புள்ளியியல், தமிழ்த் துறை மாணவரும் சேர்ந்தால், ஐம்பது பேரின் விடைகள் திரண்டபோது அத்தாள்களில் மீண்டும் மீண்டும் வரும் சொற்களை எண்ணிப் பார்க்கலாம். வினா அந்தச் சொற்களிலிருந்து பிறக்கட்டும்.